ரெப்ளிக்கா ஸ்போர்ட்ஸ் கார் கேபினுக்குள் காற்றுக் கசிவு: வேலூர் வெயிலில் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ரெப்ளிக்கா, அதாவது பிரபலமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலாகக் கட்டிய வண்டி. இரண்டு சீட் உள்ள, கூரை மூடிய ஃபைபர் பாடி கூபே. அடியில் இரும்புக் குழாய் ஃப்ரேம். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு பழைய செடானிலிருந்து வந்தவை. வண்டி வந்த முதல் கோடையில் மகளை உட்கார வைத்துக்கொண்டு காட்பாடி வழியாகச் சித்தூர் ரோட்டில் போனேன். இரண்டு பக்கக் கண்ணாடியும் இறக்கித்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் "தலை வலிக்குதுப்பா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். வெயில் என்றுதான் நினைத்தேன். புளியமரத்து நிழலில் நிறுத்தி இறங்கியதும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது, பின் விளக்குக்காக வெட்டிய துளையைச் சுற்றி உள்பக்கம் கரி படிந்திருந்தது. சைலன்சர் புகையைத்தான் நாங்கள் வழியெல்லாம் சுவாசித்திருக்கிறோம்.

அதன் பிறகு என் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலும் செய்த வேலைகளை வைத்து, போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, கம்பெனி காரில் வராத காற்று ரெப்ளிக்காவில் மட்டும் ஏன் வருது?

கம்பெனி காரில் ஒவ்வொரு துளைக்கும் அதற்கென்றே வார்த்த ரப்பர் இருக்கும். ஒயர் போகும் துளைக்கு ஒன்று, ஸ்டீயரிங் ராடுக்கு ஒன்று, கியர் லீவருக்கு இரண்டு. ரெப்ளிக்காவில் ஃபைபர் பாடி ஒரு இடத்தில் செய்யப்படும், ஃப்ரேம் வேறு இடத்தில் வெல்ட் ஆகும், எஞ்சின் வேறொரு காரிலிருந்து வரும். மூன்றும் சந்திக்கும் இடமெல்லாம் இடைவெளிதான். கேபிள் போகவில்லையென்றால் ஹோல் சா எடுத்துப் பெரிதாக ஒரு துளை போட்டுவிடுவார்கள். அதை மூட யாரும் திரும்பி வருவதில்லை.

நகல் எடுக்கப்படும் மூல வண்டிகளுக்கும் இதில் அக்கறை இருந்ததில்லை. 1962-ல் வந்த ஏ.சி. கோப்ரா திறந்த வண்டி. 1966-ல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற ஃபோர்டு ஜி.டி.40 பந்தயத்துக்காகவே பிறந்தது. அதன் உயரம் சுமார் 40 அங்குலம் என்பதால்தான் அந்தப் பெயர். அந்த ஓட்டுநர்கள் வெக்கையைச் சகித்துக்கொண்டார்கள். நாம் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுகிறோம்.

துளை மட்டும் இருந்தால் போதாது, காற்றைத் தள்ள அழுத்தமும் வேண்டும். அது வேகத்திலிருந்து வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 47 கிலோ எடையளவுக்கு அழுத்தும். அதில் பாதி அழுத்தம் கிடைத்தாலே, அரைத் தீப்பெட்டி அளவு துளை வழியாக நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்று உள்ளே வரும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத கசிவு பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் தெரிவது இதனால்தான்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைச்சிடலாமா? எதை முதல்ல பார்க்கணும்?

சத்தம் காதை உறுத்துவதால் எல்லோரும் கதவு பீடிங்கில், அதாவது கதவு ஓரத்து ரப்பர் பட்டையில்தான் கை வைக்கிறார்கள். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். முதலில் புகை, அடுத்து பெட்ரோல் வாசனை, அதற்கடுத்து எஞ்சின் சூடு. மழைத் தண்ணீர், தூசி, சத்தம் எல்லாம் பிறகு.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல்தான் அறிகுறிகள். வேலூரில் மே மாதம் இந்த மூன்றையும் வெயில் கணக்கில் எழுதிவிடுகிறோம், அதுதான் ஆபத்து. பேட்டரியில் ஓடும் சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். ஆனால் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வண்டியில் நாள் முழுக்க விட்டுவைக்காதீர்கள், சென்சார் சீக்கிரம் போய்விடும். ஓட்டும்போது வையுங்கள், நிறுத்தினால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

எஞ்சின் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காலையில் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஈரத்துணியை நன்றாக மடித்து சைலன்சர் வாயில் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க ஒருவரை வையுங்கள், பைப் சூடாவதற்குள் முடித்துவிட வேண்டும். எஞ்சின் புகையைச் சேர்த்து பைப்புக்குள் அனுப்பும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலோ (இணைப்பை மூடும் தகடு) பைப் இணைப்பிலோ இடைவெளி இருந்தால் "புஸ் புஸ்" என்று அங்கே கேட்கும். அந்த இடத்தில் கரி படிந்த கோடும் இருக்கும். அதைச் சரி செய்யாமல் கேபினை மட்டும் அடைப்பது, கசியும் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்துவது போல.

கண்ணாடியை இறக்கிட்டா புகை வெளிய போயிடும்தானே?

போகாது. இது என் மகள் விஷயத்தில் நான் கற்றது. வண்டி ஓடும்போது பின்புறம் காற்று சுழன்று தாழ்வழுத்தமாகி, சைலன்சர் புகை அந்தச் சுழலில் தங்கும். பக்கக் கண்ணாடியை இறக்கினால் வெளிக்காற்று கேபினுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும். அப்படிப் போன காற்றுக்கு ஈடாக எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்து கேபின் இழுத்துக்கொள்ளும். டிக்கி பீடிங் தளர்ந்திருந்தால், பின் விளக்குத் துளை திறந்திருந்தால், புகையைத்தான் இழுக்கும்.

அடைப்பது பாதி வேலை. சுத்தமான காற்றுக்கு முன்னாலிருந்து ஒரு வழி திறந்து கொடுப்பது மீதிப் பாதி. முன் கண்ணாடியின் அடியில் எப்போதும் உயர்ந்த அழுத்தம் இருக்கும். கம்பெனி கார்கள் புதுக்காற்றை அங்கிருந்துதான் எடுக்கின்றன. உங்கள் ரெப்ளிக்காவில் அந்த வழியை ஃபைபரால் மூடியிருந்தால் திறந்து, வலையும் ஃபில்டரும் வைத்து, கேபினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறியான பிளோயரோடு இணையுங்கள். பேனட் ஓரத்து இடைவெளி வழியாக எஞ்சின் காற்று அதற்குள் வராதபடி நடுவில் ஒரு ரப்பர் பட்டை வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் வெந்த ஆயில் வாசனையைத்தான் பிளோயர் முகத்தில் அடிக்கும்.

ஓட்டை எங்கே இருக்குன்னே தெரியலைங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதற்கு அவசரப்படாதீர்கள். நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றாமல் தேடுவது வீண்.

முதல் வேலை இருட்டில் டார்ச். ராத்திரி ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் எஞ்சின் பக்கமும் வீல் ஆர்ச்சுக்குள்ளும் டார்ச் அடிக்க, நீங்கள் உள்ளே பெடல் பக்கம் தலையை வைத்துப் படுத்துப் பாருங்கள். என் வண்டியில் டாஷ்போர்டுக்குக் கீழே பதினோரு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டு எண் எழுதினேன். ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஆக்ஸலேட்டர் கேபிள், ஒயர் கட்டு, ஸ்டீயரிங் ராடு, வைப்பர் மோட்டார் பிராக்கெட், எதற்காகவோ போட்டு மறந்த நான்கு போல்ட் துளை, ஃபயர்வாலும் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புச் சுவர்) தரையும் சந்திக்கும் மூலையில் விரல் நுழையும் பிளவு.

நேர்க்கோட்டில் இல்லாத வழிகள் டார்ச்சுக்குத் தெரியாது. அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர். ஒரு கண்ணாடியை இறக்கி, அந்த இடத்தை அட்டையால் மூடி, தச்சர்கள் தூசி ஊதும் பிளோயரின் வாயை அட்டையில் நுழைத்து டேப் ஒட்டுங்கள். பிளோயர் ஓடும்போது கேபின் லேசாக ஊதிக்கொள்ளும். ஷாம்பு கரைத்த தண்ணீரை வெளியிலிருந்து கதவு ஓரம், டிக்கி ஓரம், விளக்குகள், ஃபயர்வால் என்று தெளித்துக்கொண்டே வாருங்கள். கசியும் இடத்தில் நுரை பொங்கும். பெரிய துளையில் நுரை நிற்காமல் தெறிக்கும், அதையும் கவனியுங்கள். சாம்பிராணிப் புகை போட்டும் சிலர் பார்க்கிறார்கள். பெட்ரோல் டேங்க் இருக்கும் டிக்கிப் பக்கம் அதை நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். வண்டியில் பெட்ரோல் வாசனை லேசாக வந்தாலும் பிளோயரைக்கூட இயக்க வேண்டாம். முதலில் பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. நாலு விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளைக் கியர் லீவர் அடியில், பெடல் மேலே, டிக்கித் தடுப்பு ஓரத்தில் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஓட்டுங்கள். நூல் எந்தப் பக்கம் படபடக்கிறதோ காற்று அந்தப் பக்கம் போகிறது. நின்ற வண்டியில் காற்று வெளியேறும் துளை ஓடும்போது உள்ளே இழுப்பதை இதில்தான் பார்க்க முடியும்.

ஃபயர்வால் துளைகளை எதை வைத்து மூடுவது?

ஒவ்வொன்றையும் அதன் குணத்துக்கு ஏற்ப மூட வேண்டும். அசையாத வெற்றுத் துளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்தில் ஹைடெம்ப் (அதிகச் சூடு தாங்கும்) சிலிக்கான் வைத்து ரிவெட் அடியுங்கள். ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து மூடுவது சுலபம்தான், ஆனால் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரி வருவதற்கு முன்பே இளகத் தொடங்கும். மேனிஃபோல்டு பக்கத்தில் அதை நம்ப முடியாது.

ஒயர் கட்டுக்கும் கேபிளுக்கும் நான் கண்ட நல்ல தீர்வு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் கேபிள் கிளாண்டு. பேனல் போர்டில் போடுவார்களே, அதேதான். சரியான அளவு வாங்கி, நட்டை முறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் ஒயரைக் கவ்விக்கொள்ளும். நாளைக்கு இன்னொரு ஒயர் போட வேண்டுமென்றால் தளர்த்திவிடலாம். சிலிக்கானைப் பிதுக்கி அடைத்தவர்கள் அடுத்த வருடம் கத்தியால் சுரண்டும்போது ஒயரையும் சேர்த்து வெட்டுகிறார்கள். மேனிஃபோல்டுக்கு நேர் எதிரே இருக்கும் துளைக்கு மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம், பித்தளை கிளாண்டு போடுங்கள்.

ஸ்டீயரிங் ராடு சுற்றும், அதனால் அதற்கு மடிப்பு ரப்பர் பூட் வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றிய பூட்களை ராடு அளவு சொல்லித் தேடினால் கிடைக்கும். அதை ஒரு தகட்டு வளையத்தில் பிடித்து ஃபயர்வாலில் திருகுங்கள். ராடு முழுச் சுற்று இரண்டு பக்கமும் தடையின்றிச் சுற்றுகிறதா, பெடல்கள் அடிவரை போய் மேலே வருகின்றனவா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். அடைப்பு வேலையில் உயிருக்கு நேரடியாக ஆபத்து வரக்கூடிய இடம் இது.

கால் வேகுதுங்க. கோப்ரா மாதிரி வண்டி. அடைச்சும் சூடு போகலை.

அது காற்றுச் சூடு மட்டுமில்லை. அந்த வடிவத்தில் புகைக் குழாய்கள் கால் வைக்கும் பெட்டியை ஒட்டியே ஓடுகின்றன, வெப்பம் கதிராகவே பாய்கிறது. குழாய்க்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை, சுவரிலிருந்து பத்து மில்லிமீட்டராவது தள்ளி ஸ்பேசர் வைத்துப் பொருத்துங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் பலன். சுவரோடு ஒட்டினால் தகடும் சேர்ந்து கொதிக்கும்.

தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இன்னும் காப்பு வேண்டுமென்றால் செராமிக் ஃபைபர் பிளாங்கெட். ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையும் அதைச் சுற்றிய பாய்லர் வேலைப் பட்டறைகளும் இருப்பதால் லேக்கிங், அதாவது வெப்பக் காப்பு சுற்றும் வேலை தெரிந்தவர்கள் நம் பக்கம் நிறைய. 1260 டிகிரி தாங்கும் ரகம் அவர்களுக்குச் சாதாரணம். வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. அலுமினிய ஃபாயிலால் சுற்றி ஓரங்களை முழுக்க மூடாமல் வண்டியில் வைக்காதீர்கள்.

கியர் லீவர் வழியா அனல் அடிக்குது. தோல் கவர் போட்டுட்டோமே?

தோல் காற்றை நிறுத்தாது. ஆம்பூரில் செருப்புக்கு வெட்டும் நல்ல ஆட்டுத்தோலில் என் நண்பர் ஒருவர் அழகாகத் தைத்துப் போட்டார், அனல் தையல் துளை வழியாகவே வந்தது. அடியில் ஒரு ரப்பர் பூட், அதன் நான்கு ஓரமும் தகட்டுச் சட்டத்தால், இரண்டு சீட்டுக்கும் நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் மேட்டின் மேல் இறுக்கிப் பிடித்தபடி இருக்க வேண்டும். தோல் அதன் மேலே, கண்ணுக்காக. ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் இதே முறைதான்.

ஸ்ப்ரே ஃபோம் அடிச்சா ஒரே நேரத்துல எல்லாம் மூடிடுமே?

வேண்டாம். ஒரு பட்டறையில் என்னைக் கேட்காமலே என் வண்டியின் பின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து பிய்த்துப் பார்த்தேன். ஃபோம் ஊறிய இட்லி போல இருந்தது, அதற்குப் பின்னால் ஃப்ரேம் குழாய் துருப்பிடித்துச் செதிள் செதிளாக வந்தது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தீயும் பிடிக்கும். கட்டட ஜன்னலுக்குச் செய்த பொருள் அது.

சிலிக்கானா, பி.யூ. சீலண்டா?

ஃபைபர் பாடி இணைப்புகளுக்கும் தரை மூலைகளுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட். பஸ் பாடி கட்டுகிறவர்கள் பயன்படுத்துவது அதைத்தான். வண்டி குலுங்கும்போது கூடவே இழுபடும், மேலே பெயின்ட் ஒட்டும். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது, ஒருமுறை தடவினால் அந்த இடத்தைச் சுத்தம் செய்வதும் கஷ்டம். புளிச்ச காடி வாசனை வரும் சிலிக்கானை வெறும் இரும்பில் தடவினால் துருப்பிடிக்கும். எஞ்சின் சூடு படும் இடத்துக்கு மட்டும் ஹைடெம்ப் சிலிக்கான். பின் விளக்கு, பேட்ஜ் போன்ற கழற்றி மாட்டும் பொருட்களுக்குப் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடா. காயாது, அடுத்த முறை சுலபமாகப் பிரியும்.

மே மாத மதியத்தில் எதையும் ஒட்டாதீர்கள். 40 டிகிரி வெயிலில் நின்ற தகட்டில் சீலண்ட் மேலே தோல் கட்டிவிடும், அடியில் ஒட்டாது. விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிதான் நமக்கு வேலை நேரம்.

கதவு பீடிங் எந்த சைஸ் வாங்கணும்?

கடையில் கேட்பதற்கு முன் வீட்டில் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கேளுங்கள். சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கதவுச் சட்டம் முழுக்க ஒரு ஜாண் இடைவெளியில் ஒட்டிக் கதவைச் சாத்துங்கள். திறந்தால் ஒவ்வொரு உருண்டையும் அந்த இடத்து இடைவெளி அளவுக்கு நசுங்கியிருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து, அந்த இடத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். கம்பெனி காரில் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். என் இடது கதவில் மேலே 4 மில்லிமீட்டர், பின் மூலையில் 13.

குழல் வடிவ ஈ.பி.டி.எம். (வெயில் தாங்கும் ஒரு வகை ரப்பர்) ஸ்பாஞ்ச் பீடிங் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நசுங்கினால் நன்றாக மூடும். 12 மில்லிமீட்டர் குழலுக்கு 6 முதல் 8 வரை இடைவெளி பொருந்தும். ஒரே பீடிங்கால் 4-ஐயும் 13-ஐயும் மூட முடியாது. முதலில் கீல்களைச் சரிசெய்து வித்தியாசத்தைக் குறையுங்கள். மிச்சமிருக்கும் பள்ளத்தில் ரெசினும் மேட்டும் வைத்து உயர்த்தித் தேயுங்கள். அதற்குப் பிறகுதான் பீடிங். ஒட்டியபின் முகப்பவுடரைப் பீடிங் மேல் தூவிக் கதவைச் சாத்தித் திறந்தால், பவுடர் எதிர்ப்பக்கம் ஒட்டாத இடம் எதுவென்று தெரியும். செருப்புத் தொழிலில் புழங்கும் சொல்யூஷன் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது என்று அதில் ஒட்டிவிடாதீர்கள், மூடிய வண்டியின் கொதிப்பில் அது இளகிப் பீடிங் நழுவும்.

எல்லாம் அடைச்சாச்சு. இப்ப கதவு சாத்தவே மாட்டேங்குது!

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கதவு தள்ளும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. கம்பெனி கார்களில் பின் பம்பருக்குள் ஒளிந்து ரப்பர் இதழ் வைத்த வென்ட் இருக்கும். உள்ளிருந்து காற்று வெளியே போகும், வெளியிலிருந்து உள்ளே வராது. பழைய காரிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கிப் பின் பக்கவாட்டில், சைலன்சர் வாயிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். முன்னால் பிளோயர், பின்னால் இந்த இதழ் என்றானதும் ஏ.சி.யின் குளிர்ச்சியும் உள்ளே பரவத் தொடங்கும்.

பாலாத்து மணல் லாரி பின்னாடி போனா தூசி, ராணிப்பேட்டை பக்கம் போனா தோல் ஷாப் நாத்தம். ரீசர்க்குலேஷன் போட்டா போதுமா?

ரீசர்க்குலேஷன் என்பது வெளிக்காற்றை எடுக்காமல் கேபின் காற்றையே சுழற்றுவது. நாற்றத்துக்கு, அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு, போடுங்கள். தூசிக்கு நேர்மாறு. ரீசர்க்குலேஷனில் உள்ளே அழுத்தம் ஏறாது, மிச்சமிருக்கும் சிறு துளைகள் தூசியை இழுக்கும். புதுக்காற்றை ஃபில்டர் வழியாக எடுத்து பிளோயரைக் கூட்டினால் கேபின் அழுத்தம் வெளியைவிட ஒரு பொடி கூடும், தூசி உள்ளே வராது.

ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

ரப்பர், சீலண்ட் வேலைக்கு வராது. வண்டியே ஆர்.சி. விவரத்துக்கு மாறாக இருந்தால் அது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கின்றன. வாங்குவதற்கு முன் ஆர்.சி.யையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கு. என்ன செய்யட்டும்?

காலையில் ஈரத்துணி வைத்து சைலன்சர் பரிசோதனை. கசிந்தால் அன்றைக்கு அந்தக் கேஸ்கெட் மட்டும்தான் வேலை. கசியவில்லையென்றால் டிக்கியைக் காலி செய்து, பின் விளக்குகளைக் கழற்றி, பியூட்டைல் டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள். டிக்கி பீடிங்கில் பவுடர் தூவிப் பாருங்கள். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பின் ஓரங்களுக்குப் பி.யூ. சீலண்ட் வையுங்கள். நான் இந்த வேலையை முடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அலாரத்தை மகள் மடியில் கொடுத்து, அதே சித்தூர் ரோட்டில் அதே புளியமரம் வரை போனோம். திரை முழு வழியும் சுழியத்திலேயே நின்றது. திரும்பும்போது அவள் தூங்கிவிட்டாள். நான் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன்.